பெட்டியின் மேல் எதுவும் எழுதியிருக்கவில்லை

நெவேர்,
1979 நவம்பர் 11, ஞாயிறு இரவு.

அன்புள்ள அம்மாவுக்கு,

நோயெமி எழுதுகிறேன். நீ போன பிறகு நான் எழுதிய கடிதங்களில் அப்பா படிக்காமல் உன்னிடம் வரும் முதல் கடிதம் இது. மற்றவற்றை எல்லாம் அவர்தான் உறையில் போட்டு ஒட்டுவார். அதனால்தான் அவற்றில் நாங்கள் எப்போதும் நலமாகவே இருந்தோம்.

உன் பழைய துணி அலமாரிக்குள் உட்கார்ந்து, டார்ச்சைக் கன்னத்துக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு எழுதுகிறேன். நீ விட்டுப்போன பச்சைக் கோட்டு தலைமேல் தொங்குகிறது. கீழே அப்பா வேலை செய்கிறார். டேப் சுற்றும் ரீங்காரம் தரைப் பலகை வழியாக மேலே வருகிறது. அது நின்றால் நானும் நிறுத்தி, டார்ச்சை அணைத்துவிடுவேன். கையெழுத்து கோணலாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

மொன்ரியாலிலிருந்து உன் அட்டை வந்தது. பனி மூடிய பாலம் அழகாக இருக்கிறது. அதைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் மத்மசெல் பெராஷைப் பற்றி எழுத வேண்டும். ஏனென்றால் நாள் இல்லை. டிசம்பர் இரண்டாம் தேதி, திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு, பூசை முடிந்ததும் பங்குச் சபை கூடுகிறது. அன்று அவரை, அவர் குடியிருக்கும் பங்குக்குச் சொந்தமான அந்த இரண்டு அறைகளிலிருந்து வெளியே அனுப்பப் போகிறார்கள்.

கோவிலில் ஆர்கன் வாசித்த மதாம் லோரியாக் செப்டம்பரில் இறந்ததை எழுதியிருந்தேன். பாரிஸிலிருந்து தொலைக்காட்சிக்காரர்கள் வந்ததையும், அடக்கப் பூசைக்கு யார் ஆர்கன் வாசிப்பது என்று நாலு பேர் சண்டை போட்டதையும்கூட எழுதினேன். எழுதாமல் விட்டது இனிமேல் வருவது.

இசைத்தட்டுக் கம்பெனி, மதாம் வாழ்நாளில் பதிந்த எல்லாவற்றையும் பதினோரு தட்டுகளாக ஒரே பெட்டியில் வெளியிடப் போகிறது. எல்லாமே அப்பா இருபத்திரண்டு வருடமாகப் பதிந்தவை. பதினோராவது தட்டின் இரண்டாம் பக்கத்துக்கென்று ஆகஸ்ட் கடைசியில் புதிதாக ஒன்று பதிந்தார்கள். ஞாயிறு பூசை முடிந்து சனங்கள் வெளியேறும்போது மதாம் மனதில் தோன்றியதை அப்படியே வாசிப்பாரே, அந்த மாதிரி வாசிப்பு. பதினாறு நிமிடம். தாளில் ஒரு புள்ளிகூட எழுதப்படாதது. அப்பாவின் டேப்பைத் தவிர வேறெங்கும் அது இல்லை. மூன்று வாரத்தில் மதாம் போய்விட்டார். அவரே அதைத் திரும்பக் கேட்கவில்லை.

இப்போது அந்தப் பதினாறில் முதல் ஒன்பது நிமிடம் டேப்பில் இல்லை. யாரோ அழித்துவிட்டார்கள். அழித்தது மத்மசெல் பெராஷ் என்று ஊரே சொல்கிறது.

நீ ஆர்கன் மாடத்துக்கு ஏறியதே இல்லை. குளிரும் புறா எச்சமும் பிடிக்காது என்பாய். அதனால் அங்கே எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். மதாம் வாசிப்பார். மத்மசெல் அவருக்கு இடப்பக்கம் நின்று தாளைப் புரட்டுவார், குழல்களைத் திறக்கும் குமிழ்களை இழுப்பார், தள்ளுவார். மதாமின் இரண்டு கையும் இரண்டு காலும் வாசிப்பில் இருக்கும்போது ஆர்கனின் குரலை மாற்றுவது மத்மசெலின் கைதான். முப்பத்தொரு வருடம் அப்படி நின்றார். பதினோரு தட்டுகளில் ஒன்றின் அட்டையிலும் அவர் பெயர் கிடையாது.

அவரைச் சந்தேகிக்கக் காரணம் இரண்டு. கம்பெனி போடும் சின்னப் புத்தகத்துக்காகப் பழைய டேப்புகளைக் கேட்டு, எது எந்த வருடம் என்று சொல்ல வந்தார். அதற்காக அப்பா அவருக்குக் கீழ் அறையின் சாவி ஒன்று கொடுத்திருந்தார். இது ஒன்று. இரண்டாவது, அடக்கம் முடிந்த அன்று இசைத்தட்டுக் கம்பெனியின் மிஸ்யே துவாலியேயிடம் மத்மசெல் எல்லார் முன்னாலும் சொன்னார்: “பூசை முடிஞ்சு வாசிக்கிறது, சனங்க வாசல் வரைக்கும் நடந்து போறதுக்கு. டப்பாவுல அடைச்சு விக்கிறதுக்கில்ல. அன்னிக்கு வாசிச்சது அன்னிக்கே போயிடணும். நீங்க அத அழிச்சுடுங்க.”

அழித்துவிடுங்கள் என்ற அந்தச் சொல்லைத்தான் இப்போது எல்லாரும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

சந்தையில் மீன் விற்கும் அம்மாள் கத்தரித்த தலைகளை வாளியில் எறிந்துகொண்டே சொன்னாள்: “முப்பது வருஷமா அவ வாசிக்க, இவ நின்னுக்கிட்டே இருந்தா. காலு வலிச்சிருக்கும்ல? அதான் காட்டிட்டா.” பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். ரொட்டிக் கடைக்காரி மத்மசெலை வரிசையில் கடைசி ஆள் போகும்வரை நிற்கவைத்து, தீய்ந்த ரொட்டியாகப் பார்த்துக் கொடுக்கிறாள். “பாழாப் போனதுதானே உங்களுக்குச் சந்தோஷம் மத்மசெல்” என்றாளாம். இதைப் பள்ளியில் அவள் மகளே பெருமையாகச் சொன்னாள்.

பங்குச்சாமியார் வீட்டில் வைத்து மிஸ்யே துவாலியே மத்மசெலிடம் நேராகவே கேட்டிருக்கிறார். அவர், இல்லை என்று மறுக்கவில்லை. “முப்பத்தொரு வருஷம் அவ பக்கத்துல நின்னவ நான். என்னப் பாத்து இதக் கேக்கலாம்னு உங்களுக்குத் தோணிச்சே, அதுக்கு மேல நான் பேச என்ன இருக்கு?” என்று கையுறையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இல்லை என்று சொல்லாததால் ஆமாம் என்றுதான் அர்த்தம் என்கிறார்கள். மாடத்துச் சாவியை அன்றைக்கே வாங்கிக்கொண்டார்கள். இனி அறைகள். அவருக்கு அறுபத்தெட்டு வயது. லிமோஜில் ஒரு தங்கை இருக்கிறாள். இருவரும் பேசிக்கொள்வதில்லை.

அம்மா, அதை அழித்தது மத்மசெல் இல்லை. நான்.

ரீங்காரம் நின்றுவிட்டது. மாடிப்படியில்


திங்கள் இரவு.

நேற்று அப்பா தண்ணீர் குடிக்கத்தான் வந்தார். அலமாரிக்குள்ளேயே வெகுநேரம் இருந்துவிட்டேன். கால் மரத்துப்போயிற்று.

எப்படி நடந்தது என்று எழுதுகிறேன். நீ செப்டம்பரில் எழுதினாய்: எழுத்து போதவில்லை, உன் குரலைக் கேட்க வேண்டும் போலிருக்கிறது, ஒரு காசெட்டில் பேசி அனுப்பு என்று. உன்மேல் பழி போடுவதற்காக இதை நினைவுபடுத்தவில்லை. அங்கேதான் தொடங்கியது, அதனால் சொல்கிறேன்.

என் காசெட் பெட்டியின் மைக் கோடையிலேயே கெட்டுவிட்டது. அக்டோபர் பத்து, புதன்கிழமை, பள்ளி கிடையாது. அப்பா பாரிஸ் போயிருந்தார். கீழே அவருடைய பெரிய மெஷினில் வெற்று டேப் ஒன்றைப் போட்டுப் பேசிவிட்டு, பிறகு அதைக் காசெட்டுக்கு மாற்றலாம் என்று நினைத்தேன். எனக்கு அது தெரியும். நீ இருந்த காலத்திலேயே தெரியும்.

நம் வீட்டில் வெற்று டேப் என்றால் பெட்டியின் மேல் எதுவும் எழுதியிருக்காது. அதைக் கீழ்த்தட்டில் அடுக்கி வைப்பார் அப்பா. அன்று நான் கீழ்த்தட்டு வரை குனியவில்லை. மேசை ஓரத்தில் எழுத்தில்லாத பெட்டி ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதை எடுத்தேன்.

மதாம் லோரியாக்கின் பழக்கம் எனக்குத் தெரியாதா? தெரியும். அவர் உட்கார்ந்து கேட்டு, தலையை ஆட்டும்வரை பெட்டிமேல் பேனா படக்கூடாது. ஒருமுறை அப்பா அவசரப்பட்டுத் தேதி எழுதிவிட்டார் என்பதற்காக அந்தப் பதிவையே வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். இந்தக் கடைசிப் பதிவைக் கேட்காமலே அவர் இறந்துபோனார். தலையாட்ட ஆள் இல்லை. அப்பா எழுதவும் இல்லை.

இருந்தாலும் நான் ஒரு நிமிடம் ஓடவிட்டுக் கேட்டேன். ஒன்றுமில்லை. லேசான இரைச்சல் மட்டும். வெற்று டேப் என்று முடிவு செய்தேன்.

அது வெற்று டேப் இல்லை, கோவிலின் மௌனம். ஒவ்வொரு பதிவுக்கும் முன்னால் ஆளில்லாத கோவிலின் மௌனத்தைக் கொஞ்சம் பதிந்து வைப்பார் அப்பா. துண்டுகளை ஒட்டும்போது நடுவில் வைக்க அது வேண்டும். மற்றவர்களுக்கு அரை நிமிடம் போதும். மதாம் இரண்டு நிமிடம் கேட்பார். விரலை மடியில் வைத்துக்கொண்டு அந்த இரண்டு நிமிடமும் அசையாமல் உட்கார்ந்திருப்பார். வெற்று டேப் செத்த மௌனம் என்றும், கோவிலின் மௌனத்தில் காற்றுத் துருத்தி மூச்சுவிடும், மரம் நெளியும் என்றும் அப்பா எனக்கு ஏழு வயதிலேயே ஹெட்ஃபோனை மாட்டிக் காட்டியிருக்கிறார். அன்று ஹெட்ஃபோனை மாட்டிக் கேட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். சின்ன ஸ்பீக்கரில் கேட்டேன். ஒலிப்பதிவாளர் மகள் என்று பள்ளியில் பீற்றிக்கொள்கிறவள் நான்.

திரும்பச் சுற்றி, பதினோரு நிமிடம் உன்னிடம் பேசினேன். பிறகு மறுபடி சுற்றி, காசெட்டை இணைத்து ஓடவிட்டேன். அடுப்பில் பால் பொங்கும் வாசனை வந்தது, ஓடினேன். துடைத்துக்கொண்டிருந்தபோது கீழே என் குரல் கேட்டது. முத்தங்கள் அம்மா என்று முடித்தேன். ஒரு சின்னக் கிளிக். அதற்கு அடுத்த நொடி ஆர்கன் முழுக்க இடிந்து விழுவது போல் வந்தது.

பால் துணியோடு படியிலேயே நின்றேன். மதாம் இறந்து ஒரு மாதம் ஆகாத சமயம் அது. முதலில் அவர்தான் வந்துவிட்டார் என்று பயந்தேன். என்ன நடந்தது என்று புரிந்த பிறகு, வந்தவர் அவராகவே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. இறங்கிப்போய் நிறுத்துவதற்குள் நாற்பது விநாடி ஆகியிருக்கும்.

பிறகு நான் செய்தது முதல் தப்பைவிடப் பெரியது. டேப்பை மறுபடி சுற்றி, மைக்கைப் பிடுங்கிவிட்டு, அந்தக் கிளிக் வந்த இடம் வரை என் குரலின்மேல் ஒன்றுமில்லாததைப் பதிந்தேன். என் குரல் இருக்காது, அதனால் யார் என்று தெரியாது. காசெட்டையும் அழிக்கத்தான் நினைத்தேன். ஆனால் அதில் உன்னிடம் ஒன்று கேட்டிருந்தேன். இரண்டாம் முறை கேட்க எனக்குத் தைரியம் வராது. தவிர, கடல் தாண்டிப் போய்விட்டால் அது என்னைக் காட்டிக்கொடுக்காது என்றும் நினைத்தேன். மறுநாள் பழுப்புத்தாளில் சுற்றி, நூல் கட்டி, பள்ளிக்குப் பக்கத்து அஞ்சலகத்தில் போட்டேன்.

அக்டோபர் முப்பதாம் தேதி மிஸ்யே துவாலியே டேப்பைக் கேட்க வந்தார். நான் அடுக்களையில் லீக்ஸ் தண்டு நறுக்கிக்கொண்டிருந்தேன். மெஷின் ஓடத் தொடங்கியது. ஒரு நிமிடம் ஆயிற்று. இரண்டு ஆயிற்று. “இன்னும் எவ்வளவு நேரம் எத்தியென்? சனங்க வந்து மௌனத்தயா வாங்குவாங்க?” என்று அப்பாவிடம் சொல்லிச் சிரித்தார். அப்பாவின் நாற்காலி கீழே விழுந்த சத்தம் கேட்டது. அவர் காதுக்கு அது செத்த மௌனம் என்று தெரிந்துவிட்டது. பிறகு யாரிடம் சாவி இருந்தது என்று துவாலியே கேட்டார். மத்மசெல் பெராஷிடம் என்று அப்பா சொன்னார். அன்றைக்கு அது பொய் இல்லை. அவருக்கு ஒன்றும் தெரியாது.

தெரிந்த பிறகு என்ன செய்தார் என்றுதான் உனக்குச் சொல்ல வேண்டும். புனிதர் அனைவர் திருநாளன்று மதாமின் கல்லறையில் செவந்திச் செடி வைத்துவிட்டுத் திரும்பும்போது காரில் எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. காரை ஆற்றோரம் நிறுத்தினார். “வேற யார்கிட்டயாவது சொன்னியா?” என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். ஆற்றைப் பார்த்தபடியே, “எதுவும் எழுதாத பெட்டிய மேசமேல வச்சவன் நான். இது வெளிய தெரிஞ்சா நாளைக்கு ஒருத்தன் எங்கிட்ட டேப்பக் குடுக்க மாட்டான். உங்கம்மா போனப்புறம் நமக்குன்னு மிஞ்சினது இந்த வேல ஒண்ணுதான், நோயெமி” என்றார். மத்மசெல் என்ன ஆவார் என்று கேட்டேன். “அவளுக்குத் தங்கச்சி இருக்கா” என்றார். வண்டியை எடுத்தார்.

அதற்குப் பிறகு என்னிடம் மிகவும் அன்பாக இருக்கிறார். காலையில் சாக்லேட் பால் கலந்து தருகிறார். எனக்கு அதுதான் அதிகப் பயமாக இருக்கிறது.

சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் பங்குச்சாமியாரிடம் சொன்னேன். வலைக்குப் பின்னால் அவர் பெருமூச்சு விட்டார். நான் மத்மசெல் வீட்டில் உட்கார்ந்து வாட்டிய பாதாங்கொட்டை தின்கிறவள் என்று அவருக்குத் தெரியும். “பிள்ளே, உனக்கு அவங்கமேல பிரியம். அது நல்லதுதான். ஆனா பண்ணாத பாவத்த ஏத்துக்கிட்டு வந்து சொல்றதும் பொய்தான்” என்றார். நான் அழுதேன். பிறகு கொஞ்சம் குரலை மாற்றிக்கொண்டு, “இங்க சொன்னத நான் வெளிய எடுத்துட்டுப் போக முடியாது. கையில காட்ட ஏதாவது இருந்தா, வீட்டுக்கு வந்து குடு. அப்பப் பாக்கலாம்” என்றார்.

கையில் காட்ட என்னிடம் இருந்ததை நான்தான் அழித்தேன். மிச்சம் உள்ளது உன்னிடம் இருக்கிறது.


செவ்வாய் இரவு.

இன்றைக்கு முடித்துவிட வேண்டும். நாளைக் காலையில் போட்டால்தான் சரியாக இருக்கும்.

போன வியாழக்கிழமை மிஸ்யே துவாலியே மறுபடி வந்தார். நான் கோபமாக வருவார் என்று நினைத்தேன். கையில் ஷாம்பெய்ன் பாட்டில் வைத்திருந்தார். “மூஞ்சியத் தூக்கி வச்சுக்காத எத்தியென். முழுசா இருந்திருந்தா அது பதினொண்ணாவது தட்டு. அவ்வளவுதான். இப்ப அது ஒரு கதை” என்றார். பாரிஸில் ஒரு பத்திரிகை எழுதிவிட்டதாம். பொறாமை பிடித்த ஒரு கைக்குத் தப்பிய ஏழு நிமிடம் என்று பெட்டியின் பின்பக்கம் அச்சடிக்கிறார்கள். பெயர் போட மாட்டார்களாம். “பேரெதுக்கு? ஊருக்குத் தெரியும்ல” என்றார். அப்பா சிரிக்கவில்லை. ஆனால் கோப்பையை நீட்டினார். படியிலிருந்து பார்த்தேன்.

இன்னொன்றும் பார்த்தேன். குமிழை இழுக்கும்போது ஆர்கன் மரத்தில் டக்கென்று ஒரு சத்தம் வரும். இசைத்தட்டில் அது இருக்கக்கூடாது. இருபத்திரண்டு வருடமாக அப்பா சவரப் பிளேடால் டேப்பை வெட்டி, அந்த டக்கை எல்லாம் எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டிருக்கிறார். அது மத்மசெலின் கை என்று நான் யோசித்ததே இல்லை. மிஞ்சிய ஏழு நிமிடத்திலும் அப்படி நாலைந்து எடுத்தார். கடைசி ஒலி கோவிலில் அடங்கும்வரை ஓடியது. அடங்கியதும் மதாமின் குரல் வந்தது. கிட்டத்தில், மூச்சு வாங்கிக்கொண்டு, மத்மசெலைப் பெயர் சொல்லி: “க்ளோதில்த், இன்னிக்கு நான் சொல்லாமலே இழுத்துட்டே.”

எழுதாத இசைக்கு எந்தக் குமிழ் எப்போது என்று யாரும் குறித்துக் கொடுக்க முடியாது. மதாம் எங்கே போகப் போகிறார் என்று தெரிந்து, முன்கூட்டியே கை போயிருக்கிறது. அப்படியென்றால் நான் அழித்தது ஒருவருடைய வாசிப்பு இல்லை. இரண்டு பேருடையது.

“இத வெட்டிடு” என்றார் துவாலியே. அப்பா பிளேடை எடுத்தார்.

அவர்கள் சாப்பிடப் போனபோது கூடையிலிருந்து அந்தத் துண்டை எடுத்தேன். ஒன்றரை மீட்டர் நீளம் இருக்கும். ஒரு பென்சிலில் சுற்றி என் ஜியோமெட்ரி பெட்டியில் வைத்திருக்கிறேன். மத்மசெலிடம் கொடுத்தால் அதைக் கேட்க அவரிடம் மெஷின் இல்லை. கொடுக்கவேண்டுமானால் அது எப்படி என் கைக்கு வந்தது என்றும் சொல்ல வேண்டும்.

முந்தாநாள் பூசைக்கு வந்திருந்தார். கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தார். அந்தப் பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. மாடத்தில் புதிய பையன் வாசித்தான். ஒவ்வொரு முறை அவன் குமிழைத் தாமதமாக இழுத்தபோதும் மத்மசெலின் இடது கை மடியில் ஒருமுறை அசைந்தது. வெளியே வரும்போது என்னைப் பார்த்துவிட்டார். “என்னடி, இப்படி எளச்சுப் போயிட்டே? உங்கப்பன் உப்பாவது போட்டுச் சமைக்கிறானா?” என்று என் கழுத்துத் துண்டை இழுத்துச் சரியாகக் கட்டினார். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. நான் ஓடிவிட்டேன். நானும் அவரை ஒதுக்குகிறேன் என்றுதான் அவர் நினைத்திருப்பார்.

இப்போது உன் அட்டை. போன வாரம் திங்கட்கிழமை வந்தது, அப்பா முதலில் படித்தார். எந்தக் காசெட் என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அவருக்கே புரிந்துவிட்டது. அட்டையை மெதுவாக மேசைமேல் வைத்து, “அது எங்க இருக்கோ அங்கயே இருக்கட்டும். இனிமே அவளுக்கு எழுதறதுன்னா எங்கிட்டச் சொல்லிட்டு எழுது” என்றார். வெள்ளிக்கிழமை அவரே மொன்ரியாலுக்கு ஓர் உறை அனுப்பினார். அதில் என்ன எழுதியிருப்பார் என்று எனக்குத் தெரியும். இந்தக் கடிதத்துக்கு முன் அது உன்னிடம் வந்திருக்கும்.

அம்மா, அந்தக் காசெட்தான் ஒரே சாட்சி. என் குரல் முடிந்து கிளிக் என்ற இடத்தில் ஆர்கன் வருகிறதே, கம்பெனியிடம் உள்ள டேப்பும் மிகச் சரியாக அதே இடத்தில்தான் தொடங்குகிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டால் பங்குச்சாமியாருக்குக்கூடப் புரியும். அப்பாவுக்கு வேலை போகலாம். என்னைப் பள்ளியில் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அதைத் திருப்பி அனுப்பு. நம் வீட்டுக்கு வேண்டாம். பங்குச்சாமியார் வீட்டு முகவரியைக் கீழே எழுதியிருக்கிறேன். நீ கடிதம் கண்ட அன்றே அனுப்பினால் இரண்டாம் தேதிக்குள் வந்துவிடும்.

ஒன்றை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று இரவாக யோசித்தேன். எழுதாவிட்டால் நீ எதைத் தேட வேண்டும் என்று உனக்குத் தெரியாமல் போகும்.

காசெட்டை முழுவதும் மூன்று முறை கேட்டதாக அட்டையில் எழுதியிருந்தாய். நான் சந்தோஷமாக இருப்பது குரலிலேயே தெரிகிறது என்றும் எழுதியிருந்தாய். அம்மா, நான் அதில் பாதிக்குமேல் அழுதுகொண்டிருக்கிறேன். ஒரு கேள்வி கேட்டு, ஆம் அல்லது இல்லை என்று ஒரு சொல் எழுதினால் போதும் என்று இரண்டு முறை சொல்லியிருக்கிறேன். முடிவில் நாற்பது விநாடி ஆர்கன் இடிக்கிறது. ஒரு தடவை கேட்டவர்கள்கூட, கடைசியில் என்ன சத்தம் என்று கேட்டிருப்பார்கள்.

நான் கோபமாக இல்லை. உனக்கு அங்கே வேலை அதிகம். முதலில் எனக்குக் கோபம் இருந்தது. இன்று மாலை வேறு மாதிரி தோன்றியது. பொட்டலம் எங்காவது மேசை இழுப்பறையில் பழுப்புத்தாளோடு அப்படியே கிடந்தால், அதன்மேல் அக்டோபர் பதினொன்று என்று நெவேர் அஞ்சல் முத்திரை இருக்கும். யாரும் பிரிக்காத பொட்டலம் என்றால், பிறகு நான் ஜோடித்தேன் என்று ஒருவரும் சொல்ல முடியாது. நீ கேட்காமல் விட்டது மத்மசெலுக்காவது நல்லதாக முடியட்டும்.

அதனால் இப்போது அதைப் பிரித்துக் கேட்க வேண்டாம். என் குரல் எப்படி இருக்கிறது என்று பார்க்க ஆசை வந்தாலும் நூலை அவிழ்க்காதே. அதன்மேல் இன்னொரு தாளைச் சுற்றி அனுப்பிவிடு. நான் கேட்ட கேள்விக்கும் பதில் எழுத வேண்டாம். அது பொட்டலத்தோடு என்னிடம் திரும்பி வந்தால் போதும்.

அங்கே குளிர் உன்னை வருத்தாமல் இருக்கட்டும். பச்சைக் கோட்டைப் பூச்சி அரிக்காமல் பார்த்துக்கொள்கிறேன்.

கீழே ரீங்காரம் நின்றுவிட்டது.

உன் மகள்
நோயெமி

அனுப்ப வேண்டிய முகவரி: பங்குச்சாமியார் இல்லம், புனித ஒபேர் கோவில், நெவேர். மேலே என் பெயரை எழுதாதே. மத்மசெல் க்ளோதில்த் பெராஷ் காரியமாக என்று எழுது. இதிலாவது அவர் பெயர் இருக்கட்டும்.